கோடை இடிமழை நம்ம ஊருக்கு வருமா: அறிக்கை முதல் ரேடார் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிற வீடுகளில் மாசி, பங்குனி வந்துவிட்டால் எல்லார் கண்ணும் வானத்தில்தான் இருக்கும். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பிவிட்டால் காய்ந்து முடிய பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் ஒரு மழை நனைத்தாலும் நிறம் மங்கி விலை இறங்கிவிடும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் காலை அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்று கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்வதுதானே என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் நாலரைக்கு வந்த மழையில் தார்ப்பாயை இழுக்கக்கூட நேரமில்லை. அடுத்த வருஷம் அதே வரிக்குப் பயந்து நான்கு நாள் தொடர்ந்து மூடி வைத்தோம், ஒரு துளி விழவில்லை. பக்கத்து ஊரில் ஆலங்கட்டியோடு கொட்டியது.

இரண்டு தடவையும் அறிக்கை சரியாகத்தான் இருந்தது, அதை வாசிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. கோடை மழைக்கு ஒரே அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. முந்தின நாள் ஒரு பார்வை, காலையில் ஒரு பார்வை, மதியம் 2 மணிக்கு மேல் அரை மணிக்கு ஒரு பார்வை என்று மூன்று கட்டமாகப் போக வேண்டும். நான் பழகிய முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், இந்த மழை எப்படி உருவாகிறது

ஐப்பசி மழையும் சித்திரை மழையும் ஒரே ரகம் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கடலில் இருந்து வரும் பெரிய மேகக் கூட்டம் மாவட்டம் மாவட்டமாக நனைக்கும். கோடை மழை அன்றைக்கே, அந்த இடத்திலேயே சமைக்கப்படுவது. காலையில் இருந்து தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஏறுகிறது, அதில் ஈரப்பதம் போதுமான அளவு இருந்தால் மதியத்துக்கு மேல் கார்மேகமாகத் திரண்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். ஒரு மேகத் திரளின் அகலம் பெரும்பாலும் ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். அதனால்தான் பவானியில் தெருவெல்லாம் ஆறாக ஓடும்போது சித்தோட்டில் புழுதி பறக்கிறது.

வெயில் மட்டும் இருந்தால் மழை வராது, காற்றை மேலே தள்ளிவிட ஏதாவது ஒன்று வேண்டும். மலை தள்ளிவிடும்: ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை, நீலகிரிச் சரிவுகளில் முதல் மேகம் திரள்வது இதனால்தான். கடலோர மாவட்டங்களில் கடற்காற்று உள்ளே வந்து, எதிரே வரும் மேற்குக் காற்றோடு முட்டும் இடத்தில் மேகம் எழும்பும். மூன்றாவதாக, தென்னிந்தியாவின் மேல் காற்றின் திசை மாறும் ஒரு கோடு ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி உண்டாகும். ஒரு பக்கம் ஈரமான காற்று, இன்னொரு பக்கம் வறண்ட காற்று. அந்தக் கோட்டை ஒட்டி இடிமழை வரிசை கட்டும். அறிக்கையில் "வளிமண்டல கீழடுக்கு சுழற்சி" என்றோ "கிழக்கு மேற்கு காற்று சந்திக்கும் பகுதி" என்றோ வந்தால் அன்றைக்குக் கொஞ்சம் உஷாராக இருங்கள், சும்மா வெப்பத்தால் வரும் மழையைவிட அது பரவலாக இருக்கும்.

மார்ச் முதல் மே வரை தமிழகத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 125 மில்லிமீட்டர். வருட மழையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் அதை நம்பித்தான் கோடை உழவு. "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

முந்தின நாள்: அறிக்கையின் சொற்களுக்கு ஒரு அகராதி

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் மதியம் தமிழிலேயே ஒரு செய்திக்குறிப்பு தருகிறது. இணையத்தில் யார் என்ன சொன்னாலும் முதலில் அதைப் படியுங்கள். படிக்கும்போது கவனிக்க வேண்டியது மழை என்ற சொல்லை இல்லை, அதற்கு முன்னால் வரும் "இடங்களில்" என்ற சொல்லைத்தான்.

ஓரிரு இடங்களில் என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ஒருசில இடங்களில் என்றால் 26 முதல் 50 சதவீதம். அநேக இடங்களில் என்றால் 51 முதல் 75. பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல். ஆக "தமிழகத்தில் ஓரிரு இடங்களில்" என்று வந்த அன்றைக்கு நான்கில் மூன்று பங்கு ஊர்கள் காய்ந்து கிடந்தாலும் அந்த அறிக்கை பலித்ததாகத்தான் கணக்கு. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே வானிலை மையத்தைத் திட்டுவது பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது அளவு. மிதமான மழை என்பது 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. கேட்கச் சாதுவாக இருக்கிறது, ஆனால் 60 மில்லிமீட்டர் முக்கால் மணி நேரத்தில் விழுந்தால் எந்த ஊரிலும் சாக்கடை பொங்கும். 64.5-க்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிக கனமழை, 204.5-ஐத் தாண்டினால் அதி கனமழை. இவை எல்லாமே 24 மணி நேரக் கணக்கு, அதுவும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. செவ்வாய் சாயங்காலம் பெய்த மழை புதன்கிழமைப் பட்டியலில்தான் வரும். "நேற்று எங்க ஊர்ல பெய்ததைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை" என்று சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

அறிக்கையோடு வரும் எச்சரிக்கை நிறங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. நம் ஊரில் ஆரஞ்சு என்றதுமே பள்ளிக்கூடம் லீவா என்றுதான் கேட்கிறார்கள். கோடையில் பெரும்பாலும் மஞ்சளோடு முடிந்துவிடும், ஆனால் மஞ்சள் நாளில்தான் மின்னல் ஆளை அடிக்கிறது, சூறைக்காற்று வாழையைச் சாய்க்கிறது. அதனால் நிறத்தோடு சேர்த்து "பலத்த காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில்" போன்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கோபி, தேனி, திருச்சிப் பக்கம் குலை தள்ளிய வாழை வைத்திருப்பவர்களுக்கு மழை அளவைவிட இந்த வரிதான் முக்கியம். முட்டுக்கொடுக்க ஒரு நாளாவது வேண்டும்.

காலையில்: இன்றைக்குச் சரக்கு இருக்கிறதா

காலை ஏழரைக்குள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நான் பார்ப்பது மூன்று விஷயம்.

முதலாவது ஈரம். ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள், அது வெப்பநிலை மாறினாலே மாறிவிடும். டியூ பாயிண்ட், அதாவது காற்றில் உள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, என்று ஒரு எண் பெரும்பாலான வானிலைச் செயலிகளில் இருக்கும். அது 22, 23 டிகிரிக்கு மேல் இருந்து மதியம் வரை அப்படியே நின்றால் காற்றில் சரக்கு இருக்கிறது. மதியத்துக்குள் 16, 17 என்று இறங்கினால் வெறும் அனல் காற்றுதான். எண் வேண்டாம் என்றால் உடம்பைக் கேளுங்கள்: காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டினால் அதுவும் ஒரு அளவீடுதான். மே மாதத்தில் கோவை, திருப்பூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று வரத் தொடங்கும். அந்தக் காற்று விழுந்த அன்றைக்கு வெயிலின் தன்மையே வேறாக இருக்கும்.

இரண்டாவது, காற்று மேலே ஏறும் வேகத்துக்கான எரிபொருள். விண்டி போன்ற தளங்களில் கேப் என்ற படலம் உண்டு. 1000-க்குக் கீழே என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், 2500-ஐத் தாண்டினால் வலுவான மேகத்துக்கு வாய்ப்பு. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏப்ரலில் பல நாள் கேப் 3000 காட்டும், ஒரு மேகம்கூட எழும்பாது. சில கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெப்பமான காற்று அடுக்கு, கொதிக்கும் பானையின் மேல் மூடியைப் போல, உட்கார்ந்திருக்கும். மலையோ, கடற்காற்றோ, காற்று சந்திக்கும் கோடோ அந்த மூடியைத் தள்ளினால்தான் மழை. தள்ள ஆளில்லாத நாளில் எரிபொருள் வீண்.

மூன்றாவது, மேகம் எந்தப் பக்கம் நகரும் என்பது. இதற்குத் தரையில் அடிக்கும் காற்றைப் பார்க்கக் கூடாது. அதே விண்டியில் உயரத்தை 700 ஹெக்டோபாஸ்கல், அதாவது சுமார் 3 கிலோமீட்டர், என்று மாற்றிப் பாருங்கள். அங்கே காற்று மேற்கில் இருந்து வந்தால் மலையில் உருவாகும் மேகம் சமவெளிக்கு இறங்கி வரும், சென்னைக்காரர்களுக்கு வேலூர், திருவள்ளூர் பக்கத்து மேகம் சாயங்காலம் வந்து சேரும். அங்கே காற்று கிழக்கில் இருந்து வந்தால் மேகம் மலையை நோக்கியே போகும், கடலோரம் வேடிக்கை மட்டும் பார்க்கும். காற்று ஏறக்குறைய அசையாமல் இருந்தால்? மேகம் எங்கே பிறந்ததோ அங்கேயே கொட்டும். ஒரே ஊரில் எதிர்பாராத அளவு பதிவாவது அந்த மாதிரி நாட்களில்தான்.

மாடல்கள், அதாவது வானிலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கும் கணினி நிரல்கள், மழையை எந்த ஊரில் காட்டுகின்றன என்பதை நான் பார்ப்பதே இல்லை. ஐரோப்பிய மாடலின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க மாடலின் கட்டம் அதைவிடப் பெரிது. ஐந்து கிலோமீட்டர் மேகத்தை அந்தச் சல்லடையில் பிடிக்க முடியாது. "மாடல்ல எங்க தெருவுக்கு 18 மில்லிமீட்டர் காட்டுது" என்று காலையிலேயே சொல்பவர்களை அன்போடு கடந்துவிடுங்கள். இரண்டு மாடலும் மாவட்டத்தில் எங்கேயோ மழை என்று ஒத்துப்போகிறதா என்பது மட்டும் போதும்.

மதியம் 2 மணிக்கு மேல்: இனி நீங்கள்தான் வானிலை அதிகாரி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். காலை அறிக்கைக்கு வேலை முடிந்துவிட்டது, இனி நடப்பதைப் பார்ப்பதுதான்.

முதலில் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். பதினொரு மணிக்குப் பஞ்சுப் பொதி மாதிரி சிதறிய மேகம் ஒரு மணிக்கு உயரமாக, காலிஃபிளவர் மாதிரி ஓரம் கூர்மையாக வளர்ந்தால் மூடி உடைந்துவிட்டது. உச்சி மழுங்கி, தட்டையாக விரிந்து, ஓரம் நார்நாராக ஆனால் அது முழு இடிமேகம். அது 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் செயற்கைக்கோள் படம். இந்திய வானிலைத் துறையின் தளத்தில் இன்சாட் படங்கள் அரை மணிக்குள் புதுப்பிக்கப்படும். அகச்சிவப்புப் படத்தில் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு வெள்ளையாகத் தெரியும். ஆனால் வெள்ளைக்குக் கீழே எல்லா இடத்திலும் மழை இருக்காது, விரிந்த உச்சி மழைப் பரப்பைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அரை மணி நேரத்துக்கு முந்தைய படத்தில் சுண்டைக்காய் அளவில் இருந்த புள்ளி இப்போது நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருக்கிறதா, அதுதான் செய்தி.

இனி ரேடார். சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் நிறுவிய டாப்ளர் ரேடார், காரைக்கால், திருவனந்தபுரம், கொச்சி ரேடார்கள் எல்லாவற்றின் படங்களும் வானிலைத் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரேடார் படம் பார்க்கும்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு.

படத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 09.12 என்று இருந்தால் நமக்கு மதியம் 2.42. வாட்ஸ்அப்பில் வரும் ரேடார் படங்களில் பாதி முந்தின நாளுடையது, தேதியைப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்கள் டிபிஇசட் என்ற அளவு, மழைத்துளிகளில் பட்டு ரேடாருக்குத் திரும்பும் எதிரொலியின் வலு. 20, 25 என்றால் தூறல். 40-க்கு மேல் நல்ல மழை. 50-ஐத் தாண்டினால் கொட்டுகிறது, 55-க்கு மேல் ஆலங்கட்டியும் கலந்திருக்கலாம். நிறத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு தளமும் தனக்குப் பிடித்த நிறத்தைப் போடும். இன்னொன்று, "மேக்ஸ்" என்று போட்டிருக்கும் படம் எந்த உயரத்தில் அதிக எதிரொலி இருந்தாலும் அதைக் காட்டும். மேலே தொங்கிக்கொண்டிருக்கும், இன்னும் தரைக்கு வராத மழைகூட அதில் சிவப்பாகத் தெரியும். கோடையில் மேகத்தின் அடிப்பாகம் உயரத்தில் இருக்கும், வறண்ட நாளில் பாதி மழை வழியிலேயே ஆவியாகிவிடும்.

வேகம் கணக்கிடுவது எளிது. இருபது நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். மேகம் 10 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். உங்கள் ஊருக்கு இன்னும் 15 கிலோமீட்டர் என்றால் அரை மணி இருக்கிறது, களத்தை மூட அது போதும். ஆனால் இந்தக் கணக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள், அதற்குள் பழைய மேகம் செத்துப் புதியது பிறந்துவிடும். ஒரு மேகம் கொட்டி முடிக்கும்போது குளிர்ந்த காற்றைத் தரையில் நாலாபுறமும் தள்ளும். திடீரென்று மண்வாசனையோடு ஜில்லென்று காற்று வருகிறதே, அது அதுதான். அந்தக் காற்று போகிற வழியில் சூடான காற்றை எக்கித் தள்ளி அடுத்த மேகத்தை உண்டாக்கும். ரேடாரில் மேகத்துக்கு முன்னால் நூல் மாதிரி மெல்லிய வளைவு தெரிந்தால், அடுத்த மழை அங்கே எழும்பலாம். இரண்டு மேகங்களின் நூல்கள் மோதும் இடம் என்றால் சந்தேகமே வேண்டாம், அங்கேயே கண்ணை வையுங்கள்.

எங்களைப் போன்ற மேற்கு மாவட்டக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. ஈரோட்டில் இருந்து காரைக்கால் ரேடார் நேர்கோட்டில் 230 கிலோமீட்டருக்கும் மேல், சென்னை ரேடார் 330-க்கும் மேல், கொச்சிப் பக்கம் பார்த்தால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. பூமி வளைந்திருப்பதால் 200 கிலோமீட்டர் தாண்டும்போது ரேடார் கதிர் தரையில் இருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உயரத்தில் போகும். மேகத்தின் தலையைத்தான் அது பார்க்கிறது, காலடியை இல்லை. இந்த ரேடார்களில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நம் பக்கம் மழையே இல்லை என்று நினைக்கக் கூடாது. செயற்கைக்கோளையும் மின்னல் வரைபடத்தையும்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

மின்னலுக்கு தாமினி என்ற செயலி இருக்கிறது, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் விழுந்தால் காட்டும். வானிலை மையம் அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மாவட்டப் பெயரோடு வெளியிடும், தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியிலும் எச்சரிக்கைகள் வரும். காலை அறிக்கைக்கும் இந்த 3 மணி நேர எச்சரிக்கைக்கும் முரண் வந்தால் பின்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடி நெருங்கும்போது

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வேலையைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மழை தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மேகத்துக்கு வெளியே வெயில் அடிக்கும் இடத்திலும் மின்னல் விழும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே.

உள்ளே என்றால் சுவரும் கூரையும் உள்ள வீடு, அல்லது கண்ணாடி ஏற்றிய கார். களத்து ஓரத்தில் நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை மழைக்கு ஒதுங்கத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது. கேபின் இல்லாத டிராக்டரும் அப்படியே. புளியமரம், பனைமரத்தடியில் ஒதுங்குவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், தரை வழியாகவும் பரவும், மாடுகள் கூட்டமாகச் சாவது அதனால்தான். மாட்டை மரத்தடியில் கட்டி வைத்திருந்தால் மேகம் கறுக்கும்போதே அவிழ்த்துவிடுங்கள். மோட்டார் ஓடுகிறதே என்று இடிக்கு நடுவே ஸ்டார்ட்டரைத் தொடப் போக வேண்டாம், ஓடினால் ஓடட்டும்.

யாருக்காவது மின்னல் தாக்கினால் தொடலாம், உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டு 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

வெயில் அறிக்கைக்கு இரண்டு வரி

வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரியும் அதே 4.5 கூடுதலும். அந்த அளவுகோல் எட்டாத நாளிலும் உடம்பு தாங்காது, அதற்குத்தான் "அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்பொழுது அசௌகரியம் ஏற்படலாம்" என்ற வரியை அறிக்கையில் போடுகிறார்கள். சென்னையில் எல்லாம் கடற்காற்று எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. பதினொன்றரைக்கே வந்தால் 36-ல் நிற்கும், இரண்டு மணி வரை வராவிட்டால் 40-ஐத் தாண்டும்.

கடைசி வேலை: பெய்ததை அளப்பது

ஒரு பாட்டிலை எடுத்துத் தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, வாய்ப்பகுதியைத் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். பக்கச் சுவர் நேராக, அடி தட்டையாக இருக்கிற பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். மரம், சுவரில் இருந்து தள்ளி, காற்றில் சாயாதபடி புதைத்து வையுங்கள். காலை 8.30-க்கு அளவுகோல் வைத்துப் பாருங்கள், நிற்கும் உயரம்தான் மில்லிமீட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 4000 லிட்டர், 25 மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் லிட்டர் ஆகிறது. எங்கள் பக்கம் அதைத்தான் ஒரு உழவு மழை என்பார்கள்.

அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு குறிப்பு மட்டும் சேர்த்து எழுதிவிடுங்கள்: மேகம் முதலில் எந்தத் திசையில் தெரிந்தது, நமக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது. நான் மூன்று கோடையாக எழுதிவருகிறேன். அந்தியூர் மலைப்பக்கம் மூன்று மணிக்குமுன் கறுத்த நாட்களில் பெரும்பாலும் ஐந்து மணிக்குள் எங்கள் களம் நனைந்திருக்கிறது, தெற்கே சென்னிமலைப் பக்கம் கறுத்த நாட்களில் ஒன்றிரண்டு தடவைதான். இப்போதெல்லாம் வடமேற்கில் கறுத்தால் மட்டும் தார்ப்பாயை எடுத்துக் களத்து ஓரத்தில் போட்டுவைக்கிறோம்.